ஆபத்தின் இலக்கணம்: மலைபடுகடாமும் மெய்நிகர் உயிர்பிழைப்பு விளையாட்டும்

முன்னுரை

பத்துப்பாட்டுள் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து. அவற்றுள் கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயர் பெற்ற மலைபடுகடாம் 583 அடிகளால் ஆனது. செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னனை இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. புரவலனது கொடையைக் காட்டிலும், அவனை அடையக் கடக்கவேண்டிய மலைவழியையே இந்நூல் விரித்துப் பேசுகின்றது. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த காலந்தொட்டு இதன் இயற்கை வருணனை, இசைக்கருவிகள், விருந்தோம்பல் முதலியன பலராலும் ஆராயப்பட்டுள்ளன. ஆயின் ஆபத்துகளையும் அவற்றினின்று உயிர்பிழைக்கும் முறைகளையும் கூறும் நூலாக இதனைப் படிக்கும் முயற்சி குறைவாகவே காணப்படுகின்றது.

இன்றைய இளையோர் ஆபத்து நிறைந்த நிலத்தைக் கடந்து உயிர்பிழைக்கும் அனுபவத்தைப் பெரிதும் கணினி விளையாட்டுகளின் வழியே பெறுகின்றனர். அவ்வகையுள் குறிப்பிடத்தக்கது, எஸ்தோனிய நாட்டுத் தலைநகர் தாலினிலுள்ள சிஎம் கேம்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘இன்டு த ரேடியஸ்’ என்னும் மெய்நிகர்த் துப்பாக்கி விளையாட்டு. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து, ஆபத்து பற்றிய அறிவு எவ்வாறு பெறப்படுகின்றது, எவ்வாறு பகிரப்படுகின்றது என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பழம்பனுவலின் பெருமையை நிறுவப் புதுமையைத் தாழ்த்துவதோ, புதுமைக்குத் திணைப்பெயர் சூட்டி மகிழ்வதோ இதன் நோக்கமன்று.

1. விளையாட்டின் நிலம்

இவ்விளையாட்டின் களம் பெச்சோர்ஸ்க் என்னும் கற்பனை நிலப்பகுதி. விளங்காத ஒரு நிகழ்வால் அங்கு இயற்கையின் விதிகள் பிறழ்ந்துள்ளன. ஆடுவோன் நினைவை இழந்தவன், பெயரற்றவன், எண்ணால் சுட்டப்படுபவன். வெளியிலுள்ள ஓர் அமைப்பு கணினித் திரைவழி இடும் பணிகளை ஏற்று, அந்நிலத்துள் சென்று அரும்பொருள்களை எடுத்துவந்து விற்கிறான். மனித வடிவில் தோன்றும் கரிய உருவங்களைத் துப்பாக்கியால் எதிர்கொள்கிறான். எனினும் அவனை மிகுதியும் கொல்லக்கூடியவை அவ்வுருவங்கள் அல்ல. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத அபாய இடங்களே. சிறு எறிபொருளை முன்னே வீசி, அது படும் விதத்தைக் கண்டு, பின்னரே காலடி எடுத்துவைத்தல் வேண்டும்.

இவ்வுத்திக்கு ஒரு வழிமரபு உண்டு. அர்காதி, போரிஸ் ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்கள் 1972இல் எழுதிய ‘சாலையோர விருந்து’ என்னும் ருஷ்ய நாவலில், தடைசெய்யப்பட்ட மண்டலத்துள் நுழைவோர் மரைகளை எறிந்து வழி சோதிப்பர். அந்நாவலை அடியொற்றித் தார்கோவ்ஸ்கி 1979இல் ‘ஸ்டாக்கர்’ திரைப்படத்தை எடுத்தார். 1986இல் செர்னோபில் அணுஉலை வெடித்தபின் அக்கற்பனை மண்டலத்திற்கு நிகரான உண்மை மண்டலம் ஒன்று உருவாயிற்று. கீவ் நகரத்து நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘ஸ்டாக்கர்: செர்னோபிலின் நிழல்’ விளையாட்டு அவ்விரண்டையும் இணைத்தது. இன்டு த ரேடியஸ் இம்மரபின் மெய்நிகர்க் கிளை எனலாம்.

2. இது பாலையா?

வறண்டது, வழிப்பறி மிக்கது, உயிருக்கு இறுதி பயப்பது என்னும் ஒப்புமை கொண்டு இந்நிலத்தைப் பாலை என வகைப்படுத்துதல் எளிது. தன் இயல்பு திரிந்த நிலமே பாலை என்னும் சிலப்பதிகாரக் கருத்தும் இதற்குத் துணைநிற்பதுபோலத் தோன்றும். ஆயினும் இவ்வகைப்பாடு பொருந்தாது. தொல்காப்பியர் முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் உரிப்பொருளுக்கே மிகு சிறப்புத் தருகின்றார். பாலையின் உரிப்பொருள் பிரிவு. பிரிந்து செல்வோனுக்காக வீட்டில் ஒருத்தி காத்திருத்தலாலேயே சுரத்தின் வெம்மை கவிதைப் பொருளாகின்றது. மண்டலத்துள் செல்பவனுக்காகக் காத்திருப்போர் எவருமிலர். அவனுக்கு நினைவே இல்லை. ஆகவே அங்குள்ளது வெம்மை மட்டுமே, பாலை அன்று. திணைக் கோட்பாடு புதிய படைப்புக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டாக நில்லாமல், அதனிடத்து இல்லாததை இனங்காட்டும் அளவுகோலாகவும் பயன்படுதல் இதனால் புலனாகும்.

விளையாட்டுக்கு நெருங்கிய உறவு அகத்திணையில் அன்று, புறத்திணையைச் சார்ந்த ஆற்றுப்படையில்தான் உள்ளது. வழியிடைக் காட்சி உறழ்ந்து, பரிசில் பெற்றோன் பெறாதோனுக்கு வழிகூறல் என்பது தொல்காப்பியம் வகுக்கும் ஆற்றுப்படையின் அமைப்பு. புறப்படல், இடர் கடத்தல், பரிசில் பெறல் என்னும் பயண அமைப்பு இரண்டிற்கும் பொது.

3. மலைபடுகடாம் கூறும் ஆபத்துகள்

மலைபடுகடாம் கூறும் இடர்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

பன்றிகள் வரும் வழியில் தினைப்புனத்தார் கற்பொறி வைத்திருப்பர். ஆதலின் இருள் நீங்கி விடிந்தபின்னரே அவ்வழிச் செல்லவேண்டும். கல் பிளந்த வழியின் குழிகளில் பாம்புகள் ஒடுங்கியிருக்கும். இடத்தை மனத்திற் குறித்துக்கொண்டு, கைதட்டிப் பார்த்து, வழியைச் சற்றே விலக்கிச் செல்லவேண்டும். யானைகளை விரட்டப் பரண்மீதிருந்து எறியும் கவண்கற்கள் விசையுடன் பாய்ந்துவரும். மரங்களின் மறைவில் ஒதுங்கிக் கடக்கவேண்டும். வழுக்கும் நீர்க்கரைகளில் அங்குள்ள கொடியையும் கோலையும் பற்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் காத்துச் செல்லவேண்டும். மயிலின் ஆடலையும் கடுவனின் தாவலையும் நோக்கியவாறே நடந்தால் கால் இடறும். நோக்கிக்கொண்டே நடத்தலைத் தவிர்க்கவேண்டும்.

இவற்றில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. ஒன்று, ஒவ்வோர் இடருக்கும் இடம், காலம், காரணம், செயல் என்னும் நான்கும் கூறப்படுகின்றன. இரண்டு, கூற்றுகள் பெரும்பாலும் ஏவல் வினையால் முடிகின்றன. கேட்போனின் உடலை அவை இயக்குகின்றன. மூன்று, அழகே ஓர் ஆபத்தாகக் காட்டப்படுகின்றது. இயற்கை வருணனையில் தேர்ந்த புலவர், இயற்கையைப் பார்த்துக்கொண்டே நடவாதீர் என்று எச்சரிப்பது எண்ணி மகிழத்தக்கது.

4. உடலும் கவனமும்

மெய்நிகர் விளையாட்டின் தகுதியை இவ்விடத்து ஒப்புக்கொள்ள வேண்டும். நாவலும் திரைப்படமும் ஆபத்தைக் காட்டுகின்றன. இவ்விளையாட்டு அதனை உடலுக்கு உணர்த்துகின்றது. ஹெட்செட்டை அணிந்தவன் தலையைத் திருப்பினால்தான் பக்கத்திலுள்ளது தெரியும். குனிந்தால்தான் மறைவு கிட்டும். தோளிலிருந்து பையைக் கையால் இறக்கித் தேடவேண்டும். தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிரப்பவேண்டும். துப்பாக்கியைத் துடைத்துப் பேணவேண்டும். வரைபடத்தைக் கையில் ஏந்திப் பார்க்கவேண்டும். பசியும் உறக்கமும் உண்டு. விரைந்து ஓடுபவன் அழிவான். நின்று, செவிசாய்த்து, எறிந்து பார்த்து நடப்பவன் பிழைப்பான். மலைபடுகடாத்தின் ஏவல் வினைகள் கூத்தனின் உடலிலிருந்து வேண்டும் கவனமும் இத்தகையதே. அச்சுநூலாக மட்டும் இப்பாட்டைப் படிக்கும் நாம் இழந்துவிட்ட உடல்சார் வாசிப்பை இவ்விளையாட்டு நினைவூட்டுகின்றது எனலாம்.

5. அறிவு யாருடையது?

அடிப்படை வேறுபாடு, அறிவு கிடைக்கும் முறையில் உள்ளது. விளையாட்டில் ஆபத்தைக் கற்பிக்கும் முதன்மை ஆசான் சாவு. ஆடுவோன் இறக்கின்றான், சேமித்துவைத்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குகின்றான், இறந்த இடத்தை அறிந்தவனாக நடக்கின்றான். வாழ்வில் தோல்வியை விலக்கும் நாம், தோற்போம் என்றறிந்தே விளையாட்டை நாடுவது ஏன் என்னும் முரணை யெஸ்பர் யூல் 2013இல் வெளியிட்ட ‘தோல்வியின் கலை’ என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். மீண்டு தொடங்க இயல்வதாலேயே விளையாட்டில் தோல்வி பொறுக்கத்தக்கதாகின்றது.

கூத்தனுக்கு அவ்வசதி இல்லை. அவனுக்கு ஒரே உயிர். உடன்வரும் சுற்றத்தாருக்கும் ஒவ்வோர் உயிரே. ஆதலின் அங்கு அறிவு சாவிலிருந்து பிறவாமல் சொல்லிலிருந்து பிறக்கவேண்டியதாகின்றது. சென்று மீண்டவன் செல்லவிருப்பவனுக்குச் சொல்கின்றான். அதனினும் மேலாக, கவர்த்த வழிகளில் புதியவர் மயங்குவர் ஆதலின், தவறான வழியை விலக்கிச் சரியான வழிக்குப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுமாறு புலவர் கூறுகின்றார். முன்சென்றவன் கேட்டறிந்தான், அவனும் பின்வருவோனுக்கு ஓர் அடையாளம் விட்டுச்செல்லக் கடமைப்பட்டவன். ஒரு புல்முடிச்சில் ஆற்றுப்படையின் அறம் முழுவதும் அடங்கியுள்ளது எனல் மிகையன்று.

நெய்யாற்றின்கரை வட்டத்து எல்லைப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பயின்ற மாணவர் சிலருடன் இப்பகுதியைப் படித்தபோது, அவருள் ஒருவர் ஒரு தடையை எழுப்பினார். இவ்வாறு முன்னரே சொல்லிவிட்டால் எவரும் சாகமாட்டார்கள். ஆனால் பிறகு விளையாட்டே இருக்காதே என்றார். எளிதில் ஒதுக்கத்தக்க தடையன்று அது. எச்சரிக்கை சுவையைக் கெடுக்கும் என்பது இவ்வகை விளையாட்டின் உள்ளார்ந்த கொள்கை. இதற்கு மலைபடுகடாமே விடையாகின்றது. வழியிலுள்ள இடர்கள் முன்னரே சொல்லப்பட்டுவிட்டன. எனினும் பாட்டின் சுவை குன்றவில்லை. அங்கு, சொல்லுதலே சுவை. அறியாமையில் விளையும் திடுக்கீடு ஒருவகை இன்பம். அறிந்து நடக்கும் கவனம் மற்றொருவகை இன்பம். விளையாட்டு முதலாவதை மட்டுமே நம்புகின்றது. 2024இல் முன்னோட்ட நிலையில் வெளிவந்த இதன் இரண்டாம் பாகம் பலர் சேர்ந்து ஆடவும் இடந்தருகின்றது. ஒருவரை ஒருவர் காத்துச் செல்லுதல் என்னும் கூறு அதனால் விளையாட்டுக்குள் வர வாய்ப்புள்ளது.

6. ஆளுள்ள நிலம்

மற்றொரு வேறுபாடும் உண்டு. மலைபடுகடாத்தில் கற்பொறியும் கவண்கல்லும் கூத்தனைக் கொல்ல வைத்தவை அல்ல. பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் தினையைக் காக்க வைத்தவை. ஒருவனது பிழைப்பே மற்றொருவனுக்கு இடராகின்றது. அதே மலைவாழ்நரே வழிதப்பியவர் எழுப்பும் இசையைக் கேட்டு ஓடிவந்து வழிகாட்டவும் செய்கின்றனர். உணவும் இடமும் தருகின்றனர். ஆபத்துக்கும் உதவிக்கும் முகம் ஒன்றே.

விளையாட்டின் மண்டலத்தில் வீடுகள் உண்டு, வாழ்வோர் இல்லை. எதிர்ப்படும் மனித உருவம் எதுவாயினும் சுடத்தக்கது. செர்னோபில் மண்டலமும் தொடக்கத்தில் ஆளில்லாததன்று. அங்கு வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டனர். ஆளில்லா நிலம் என்னும் கற்பனை, அங்கிருந்தோரை மறந்த பிறகே இயல்கின்றது. இவ்வகை விளையாட்டின் மீது வைக்கத்தக்க முதன்மையான குற்றச்சாட்டு வன்முறை அன்று, இம்மறதியே.

7. எல்லைப்புறக் கடல்

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. பாறசாலையை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வட்டத்துக் கடற்கரைக் கடைக்கோடியான பொழியூரும் குமரி மாவட்டத்து நீரோடியும் அடுத்தடுத்த ஊர்கள். 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் புயலாக வலுப்பெற்ற ஒக்கி, எல்லைக்கோட்டின் இருபுறத்தாரையும் ஒன்றாகத் தாக்கியது. பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் எச்சரிக்கைக்கு முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தன. கரையிலிருந்து சொல்லப்பட்டது அவற்றை எட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். கடலையும் காற்றையும் நன்கறிந்த அம்மக்களுக்கு, அறிந்தவன் சொல் அறியாதவனை உரிய நேரத்தில் சென்றடையாமையே பேரிழப்பாயிற்று. ஆற்றுப்படையின் மொழியில் கூறின், புல் முடியப்பட்டது. செல்வோர் கடந்துபோன பின்னர்.

காணாமற்போனவர்களைத் தேடி மீனவர் தம் படகுகளிலேயே கடலுக்குட் சென்றனர். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரை மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச்சென்று உள்நாட்டு மக்களைக் காத்தனர். செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்கும் எச்சரிக்கை அனுப்பும் நாவிக் கருவிகள் பின்னர் மீனவர்க்கு வழங்கப்பட்டன. இவை மூன்றும் சொல்லுதல், காத்தல், அடையாளம் விடுதல் என்னும் ஆற்றுப்படை அறத்தின் இன்றைய வடிவங்களே.

முடிவுரை

மெய்நிகர் உயிர்பிழைப்பு விளையாட்டு, ஆபத்தின் முன் உடல்கொள்ளும் கவனத்தை மீட்டுத்தருகின்றது. அவ்வகையில் அது ஆற்றுப்படைக்கு அயலானதன்று. ஆயின் அறிவைத் தனியொருவனது சாவிலிருந்து பெறச்செய்து, அவனுடனேயே முடித்துவிடுகின்றது. மலைபடுகடாமோ ஆபத்து பற்றிய அறிவைப் பொதுவுடைமையாகக் கருதுகின்றது. திணைக் கோட்பாட்டைப் புதிய ஊடகங்களுக்குப் பொருத்துங்கால் நிலத்தின் தோற்றத்தைக் காட்டிலும் உரிப்பொருளைக் கருதவேண்டும் என்பதும் இவ்வாய்வால் பெறப்படுகின்றது.

தமிழறிந்த இளைஞர் எவரேனும் நாளை இத்தகைய விளையாட்டொன்றைப் படைப்பாராயின், அவர் மேற்கொள்ளத்தக்க மாற்றம் பெரிதன்று. இறந்தவன் மீண்டெழுந்து தொடங்குவதற்கு மாறாக, பிழைத்தவன் பின்வரும் வேறொருவனுக்கு ஓர் அடையாளம் விட்டுச்செல்ல வழிசெய்தல் போதும். அப்போது அவ்விளையாட்டு ஆற்றுப்படை மரபில் வைத்து எண்ணத்தக்கதாகும்.