அரிக்கும் வார்த்தை

மொழிபெயர்ப்புக் கதைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. மூலத்தில் 'ஒர்ரி', 'ஆங்ஸைட்டி', 'ஃப்ரெட்' எது வந்தாலும் தமிழில் கதாநாயகி 'கவலைப்பட்டாள்'. கவலை என்ன பொதுக்குழாயா, எல்லாரும் அதிலேயே பிடிக்க?

'ஃப்ரெட்'டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தின்று தீர்ப்பது என்று அர்த்தம். அதன் ஜெர்மானியப் பங்காளி 'ஃப்ரெஸ்ஸன்' இன்றைக்கும் மிருகங்கள் தின்பதைத்தான் குறிக்கிறது. மனுஷர் சாப்பிட்டால் 'எஸ்ஸன்'. தின்பது என்பது மெல்ல மெல்ல மனசைத் தின்பதாகிவிட்டது.

இன்ஜினீயர்களுக்கும் இந்த வார்த்தை தெரியும். அண்ணனூரில் மின்சார ரயில் பணிமனை இருக்கிறதே, அங்கே நிற்கும் வண்டிகளின் சக்கரங்களைப் பாருங்கள். அச்சில் அழுத்தி இறுக்கி மாட்டியவை. அசையவே அசையாது என்றுதான் தோன்றும். ஆனால் ஓடும்போது அச்சு துளியூண்டு வளைந்து நிமிர, சக்கரம் உட்காரும் இடத்தின் ஓரத்தில் மைக்ரான் கணக்கில் ஓர் உரசல். லட்சக்கணக்கான தடவை. செம்பழுப்பாகப் பொடி கிளம்பும். நாளாவட்டத்தில் மயிரிழை விரிசல். இதற்குப் பெயர் 'ஃப்ரெட்டிங்'. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது; அதனால்தான் ரயில்வேயில் அச்சுகளை அல்ட்ராசானிக் அலை அனுப்பிச் சோதிக்கிறார்கள்.

வீணையின் 24 மெட்டுகளும் ஆங்கிலத்தில் 'ஃப்ரெட்'தான். எழுத்து ஒன்று, அர்த்தம் வேறு. ஷேக்ஸ்பியர் விடுவாரா? வேவு பார்க்க வந்த நண்பனிடம் ஹாம்லெட் இந்த இரண்டையும் வைத்துச் சிலேடை பேசுகிறான். தமிழில் 'மெட்டு' என்றால் பாட்டு வரும், எரிச்சல் வராது. இங்கே மொழிபெயர்ப்பாளரை மன்னித்துவிடலாம்.

மற்ற இடங்களில் முடியாது. ஏனென்றால் நம்மிடம் கச்சிதமான வார்த்தை இருக்கிறது. 'அவர் சொன்னது மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு' என்று வீட்டில் சொல்கிறோமே, அதுதான் ஃப்ரெட். அதே ஃப்ரெட் கைக்குழந்தைக்கு என்றால் 'சிணுங்கல்'. இரண்டையும் விட்டுவிட்டுக் கவலைப்படுவானேன்?

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை. கவலைக்குப் பெரும்பாலும் காரணமும் தேதியும் உண்டு: வாடகை, பரீட்சை ரிசல்ட். அந்த நாள் போனால் அதுவும் போகும். அரிப்பு போகாது. வெளியே எல்லாம் இறுக்கமாக, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். 'அரிக்குதுப்பா' என்று ஒருத்தர் சொல்ல, நாம் 'கவலைப்படாதே' என்று முதுகில் தட்டிவிட்டுப் போனால் அவர் சொன்னதை நாமும் தப்பாக மொழிபெயர்க்கிறோம்.

ரயில் அச்சுக்காவது அல்ட்ராசானிக் இருக்கிறது. மனுஷருக்கு? 'என்ன விஷயம், சொல்லு' என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் உண்டு.