கடிதம் எழுதுகிறவளுக்கு முகவரி இல்லை

ரியோ டி ஜெனிரோ நகரின் மத்திய இரயில் நிலையம். பயணிகள் அலையலையாய் வந்து போகும் அக்கூடத்தின் ஓரத்தில் ஒரு சிறு மேசை. மேசைக்குப் பின்னால் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அவள் முன் வந்தமர்ந்து சொல்லச் சொல்ல, காசு பெற்றுக்கொண்டு கடிதம் எழுதித் தருகிறாள். சிறையில் கிடப்பவனுக்காகக் காத்திருக்கும் பெண், தன்னை ஏமாற்றியவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லும் முதியவர், உள்ளத்து ஆசையை ஒளிக்கத் தெரியாத இளைஞன் என்று முகம் முகமாய் நம்முன் வருகிறார்கள். கடிதத்தை அஞ்சலில் சேர்க்கும் பொறுப்பையும் அவளிடமே விட்டுச் செல்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம்.

இரவில் அந்த ஆசிரியை, டோரா என்பது அவள் பெயர், கடிதங்களை வீட்டிற்கு எடுத்துச் செல்கிறாள். அண்டை வீட்டுத் தோழி இரேனியோடு அமர்ந்து ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் படித்துச் சிரிக்கிறாள். இந்தக் குடிகாரனுக்கு இந்த மனைவி எதற்கு என்று தானே தீர்ப்பு வழங்கிக் கிழித்தெறிகிறாள். தீர்ப்பு உறுதியாகாதவை இழுப்பறைக்குள் போகின்றன. இறையியல் பயின்ற எவருக்கும் அந்த இழுப்பறை உத்தரிக்கிற தலத்தை நினைவூட்டும். ஆனால் இது விண்ணகத்திற்கு வழியே இல்லாத உத்தரிக்கிற தலம்.

பிரேசில் நாட்டு இயக்குநர் வால்டர் சாலஸ் 1998-இல் உருவாக்கிய ‘மத்திய நிலையம்’ என்னும் திரைப்படம் இவ்வாறு தொடங்குகிறது. அவ்வாண்டு பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதைப் பெற்ற படம் இது. டோராவாக நடித்த பெர்னாண்டா மொண்டெனெக்ரோவுக்கு அதே விழாவில் சிறந்த நடிகைக்கான விருதும் கிடைத்தது. சிறுவன் ஜோசுவேயாக வரும் வினிசியுஸ் டி ஒலிவேரா, இயக்குநர் கண்டபோது விமான நிலையத்தில் காலணி துடைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவன்; கேமராவின் முன் அதற்குமுன் நின்றறியாதவன். இப்படத்திற்கு விளக்கம் எழுதியோர் பலர். அன்பற்ற நெஞ்சம் ஒரு குழந்தையால் கனிந்தது என்பதே பெரும்பாலோர் கண்ட பொருள். அப்பொருளில் பிழையில்லை, ஆயினும் அது போதாது என்பதே என் எண்ணம்.

தனிமை என்றால் என்ன என்னும் கேள்விக்கு இப்படம் தரும் விடை வழக்கமானதன்று. ஆளரவமற்ற அறை, மழை பெய்யும் சன்னல், ஒற்றை நாற்காலி என்று தனிமையைக் காட்டிப் பழகிய திரையுலகில், சாலஸ் அதைப் பெருங்கூட்டத்தின் நடுவே வைக்கிறார். நகரக் காட்சிகளில் டோராவின் முகம் மட்டுமே தெளிவாகத் தெரிகிறது; பின்னால் நடமாடும் மக்கள் அனைவரும் கலங்கிய நிழல்களாய்க் கடக்கின்றனர். ஒளிப்பதிவாளர் வால்டர் கார்வாலோ வேண்டுமென்றே இவ்வாறு அமைத்திருக்கிறார். பின்னர் கதை வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட நிலத்தை அடையும்போது திரை விரிகிறது, தொலைவில் நிற்பவர்களுக்கும் முகம் கிடைக்கிறது. அதுவரை டோரா யாரையும் பார்க்கவில்லை என்பதைச் சொற்களின்றியே நாம் உணர்ந்துகொள்கிறோம்.

அவளிடம் வருகிறவர்களும் தனியர்களே. பிழைப்புக்காக ஊரை விட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்தவர்கள். ஆயினும் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு முகவரி இருக்கிறது. தெருப் பெயர் தெரியாவிட்டாலும், இன்ன ஊரில் இன்ன கடைக்கு அடுத்த வீடு என்றேனும் சொல்லத் தெரிகிறது. எழுத்தறியாதவர்களுக்கு முகவரி உண்டு. எழுத்தறிந்த டோராவுக்கு இல்லை. அவள் எழுத ஒருவருமில்லை, அவளுக்கு எழுதவும் ஒருவருமில்லை. இரு மனிதருக்கு நடுவே பாலமாக அமர வேண்டிய இடத்தில் அமர்ந்துகொண்டு, போகும் சொல்லையெல்லாம் அவள் வெட்டிப் போடுகிறாள். பிறருடைய சொல்லை உரியவரிடம் சேரவிடாதவளுக்கு வேறென்ன கிடைக்கும்?

ஆனா என்னும் பெண் தன் மகன் ஜோசுவேயோடு வந்து, அவனுடைய தந்தைக்குக் கடிதம் எழுதச் சொல்கிறாள். முதல் கடிதம் முழுவதும் கோபம். மீண்டும் வந்து, மனம் இளகி, வேறொரு கடிதம் சொல்கிறாள். நிலையத்திற்கு வெளியே பேருந்து மோதி இறக்கிறாள். ஒன்பது வயதுச் சிறுவன் அந்த நிலையத்திலேயே தங்கிவிடுகிறான். டோரா அவனை வீட்டிற்கு அழைத்துச் செல்கிறாள். பார்வையாளராகிய நாம் சற்று நிம்மதி அடைகிறோம். மறுநாள் அவள் அவனை விற்றுவிடுகிறாள். வெளிநாட்டவர்க்குத் தத்துக் கொடுக்கிறோம் என்று சொல்லும் ஒரு கும்பலிடம் விற்று, அந்தப் பணத்தில் புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கி வீட்டில் வைக்கிறாள். தத்தெடுக்கும் வயதை அவன் கடந்துவிட்டானே, உடல் உறுப்புகளுக்காக அல்லவா கொல்வார்கள் என்று இரேனி சொல்லும்போதுதான் அவளுக்கு உறக்கம் கெடுகிறது. விடிந்ததும் சென்று, ஏமாற்றி, சிறுவனை மீட்டுக்கொண்டு ஓடுகிறாள். அங்கிருந்து தொடங்குகிறது தந்தையைத் தேடும் பயணம்.

இக்கதையை நல்ல சமாரியர் உவமையோடு இணைத்து விளக்க எவருக்கும் தோன்றும். நமது இளையோர் மன்றங்களில் இப்படத்தைத் திரையிட்டால் முதல் விளக்கம் அதுவாகவே இருக்கும். நான் உடன்படமாட்டேன். லூக்கா நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் சமாரியர் அந்தக் காயத்திற்குக் காரணமானவர் அல்லர். அவருக்கு எந்தக் கடனும் இல்லை. இரக்கம் ஒன்றே அவரை நிறுத்துகிறது. டோரா அப்படிப்பட்டவள் அல்லள். எரிகோ சாலையில் அந்த மனிதனைக் குற்றுயிராய் விட்டுச் சென்ற கள்வர்களுள் ஒருவன் பாதி வழியில் திரும்பி வந்து, தான் அடித்தவனைத் தூக்கிச் சுமந்தால் எப்படியிருக்கும்? அதுவே இப்படத்தின் கதை. உவமையில் கள்வர்கள் இரண்டாவது வரியிலேயே மறைந்துவிடுகிறார்கள். அவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று மறையுரைகளில் நாம் கேட்பதே இல்லை.

ஒப்புரவு அருட்சாதனத்தில் மனத்துயர் முதலில், பாவ அறிக்கை அடுத்து, பரிகாரம் இறுதியில் என்னும் ஒழுங்கைச் சிறுவயது முதலே கற்றிருக்கிறோம். டோராவிடம் இந்த ஒழுங்கு தலைகீழாய் நிற்கிறது. அவள் அழவில்லை, யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. விற்ற பொருளைத் திருப்பிக் கொண்டுவருகிறாள், அவ்வளவே. பேருந்தில் குடிக்கிறாள்; சிறுவனைக் கடிந்துகொள்கிறாள்; அவன் உறங்கும்போது ஓட்டுநரிடம் பணம் கொடுத்து, இவனை இறக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நழுவவும் பார்க்கிறாள். மனத்துயர் என்று சொல்லத்தக்க ஒன்று படத்தின் கடைசி நிமிடங்களில்தான் அவளிடம் வருகிறது. “சாமி, செய்தது தவறு என்று தெரிகிறது, ஆனால் அழுகை வரவில்லையே, நான் எப்படிப் பாவசங்கீர்த்தனம் செய்வது?” என்று கேட்போர் உண்டு. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குங்கள், அழுகை வழியில் வந்து சேரட்டும் என்று அவர்களுக்குச் சொல்ல இப்படம் எனக்குத் துணிவு தருகிறது. சக்கேயு கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை. நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான் என்றே எழுதுகிறார்.

கடன் இல்லாதவர் எவ்வளவு எளிதில் விலகிவிடுகிறார் என்பதையும் இயக்குநர் காட்டாமல் விடவில்லை. வழியில் இருவரையும் தம் வண்டியில் ஏற்றிக்கொள்ளும் லாரி ஓட்டுநர் செசார் இறைப்பற்று மிக்கவர், வேறு சபையைச் சேர்ந்த பக்தர், கனிவானவர். டோரா கடையில் பொருளைத் திருடியிருக்க, அவள் அப்படிப்பட்டவள் அல்லள் என்று அவளுக்காகப் பேசுகிறார். அவள் உள்ளத்தில் நெடுநாளாய் இல்லாத ஓர் ஆசை அரும்புகிறது. உணவகத்தில் அவருடைய கையைப் பற்றுகிறாள். ஒப்பனை அறைக்குச் சென்று, அங்கிருந்த பெண்ணிடம் உதட்டுச் சாயம் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டு திரும்பும்போது லாரி புறப்பட்டுச் சென்றுவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் சாலையைப் பார்த்து நிற்கும் அந்த முகத்தை மொண்டெனெக்ரோவைத் தவிர வேறு யார் தந்திருக்க முடியும்? செசார் மீது நமக்குக் கோபம் வருவதில்லை. அவர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆகவே அவரைக் கட்டி நிறுத்தவும் ஒன்றுமில்லை. நல்லவர் போய்விடுகிறார், சிறுவனை விற்றவள் அவனோடு நிற்கிறாள்.

ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் 1974-இல் எடுத்த ‘நகரங்களில் ஆலிஸ்’ படத்திலும், அறிமுகமற்ற ஆணொருவனின் பொறுப்பில் ஒரு சிறுமி விடப்படுகிறாள். பாட்டியின் வீட்டைத் தேடி ஒரு நிழற்படத்தோடு இருவரும் ஊர் ஊராய் அலைகிறார்கள். அழகிய படம். ஆனால் அவன் அச்சிறுமிக்குத் தீங்கேதும் செய்தவன் அல்லன். அதனால் அந்த நட்பில் ஒருவகை இலேசான தன்மை இருக்கிறது. சாலஸின் படத்தில் அந்த இலேசு இல்லை.

படத்தின் உச்சம் போம் ஜெசூஸ் டோ நோர்த்தே என்னும் திருத்தலத்தில் நிகழ்கிறது. தேடி வந்த வீட்டில் தந்தை இல்லை. ஆத்திரத்தில் டோரா சிறுவனைப் புண்படுத்திப் பேச, அவன் திருப்பயணிகளின் இரவுக் கூட்டத்திற்குள் ஓடி மறைகிறான். மெழுகுதிரிகளின் நடுவே அவன் பெயரைக் கூவிக்கொண்டே அவள் தேடுகிறாள். நேர்ச்சைப் பொருள்களும் நிழற்படங்களும் சுவரெங்கும் நிறைந்த புதுமைகளின் கூடத்திற்குள் நுழைகிறாள். வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்கள் வைக்கப்பட்டுள்ள கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. செபங்களின் ஒலியும் வெப்பமும் சூழ, அவள் மயங்கி விழுகிறாள். விடியும்போது அவள் தலை சிறுவனின் மடியில் இருக்கிறது. மடியில் மகனை ஏந்திய அன்னையின் சிற்பத்தை இயக்குநர் திருப்பிப் போட்டிருக்கிறார்.

கையில் காசில்லை. சிறுவனே வழி சொல்கிறான். திருப்பயணிகளின் நேர்ச்சைகளையும் நன்றிகளையும் டோரா எழுதித் தருகிறாள். அவன் கூவி ஆள் சேர்க்கிறான். தொடக்கத்தில் கண்ட அதே வகை முகங்கள், அதே மேசை. ஆனால் இக்கடிதங்களை அவள் கிழிப்பதில்லை; அஞ்சலில் சேர்க்கிறாள். இம்மாற்றத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசியிருந்தால் கெட்டிருக்கும்.

இறுதியில் அவர்கள் கண்டடைவது தந்தையை அல்ல, தமையன்மார் இருவரை. தச்சுவேலை செய்யும் இசாயாஸ், மொய்செஸ் ஆகிய இருவருக்கும் படிக்கத் தெரியாது. ஆனாவைத் தேடிப் போன தந்தை விட்டுச் சென்ற கடிதத்தை டோராவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். திரும்பி வருவேன், காத்திரு என்று ஆனாவுக்கு எழுதப்பட்ட கடிதம். அதில் மகன்களின் பெயரைப் படித்துவரும் டோரா, ஒரு கணம் தயங்கி, தான் காண விரும்பும் ஜோசுவேயின் பெயரையும் தந்தை குறிப்பிட்டிருப்பதாகப் படிக்கிறாள். அப்பெயர் தாளில் இல்லை என்பதை அந்தத் தயக்கமே சொல்லிவிடுகிறது.

இது பொய்தானே? நன்மை விளைவிக்கும் பொய்க்கு வள்ளுவர் இடம் தருகிறார். புனித அகுஸ்தினார் தருவதில்லை. புனித தோமா அக்குவினார் பிறர்க்கு உதவும் பொய்யை இலேசான பாவம் என்பாரேயன்றிப் பாவமே இல்லை என்று சொல்லமாட்டார். குருமடத்தில் கற்றதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இவ்விடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலையத்தில் அவள் சொல்லப்பட்ட சொற்களைப் பிழையின்றி எழுதினாள், அவற்றைக் கொன்றாள். இங்கே எழுதப்படாத ஒரு பெயரைச் சேர்க்கிறாள். அது சேர வேண்டிய இடத்தில் சேர்கிறது. அகுஸ்தினார் முன் இவளுக்காக வழக்காட நேர்ந்தால் என்ன சொல்வது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். வழக்கில் தோற்பேன் என்றே தோன்றுகிறது. வழக்காடாமல் இருக்கவும் முடியாது.

குறைகளும் இல்லாமல் இல்லை. தந்தையின் பெயர் ஜெசூஸ், அவர் தச்சர். பிள்ளைகள் எசாயா, மோசே, யோசுவா. விவிலியம் அறிந்த வாசகருக்கு இது சற்று அளவு மீறியதாகவே படும். காணாத தந்தையை இறைவனாக்கி முழுக்கதையையும் உருவகமாய் வாசிக்கும் விமரிசகர்களுக்கு இயக்குநரே கயிறு கொடுத்துவிட்டார். அவ்வாறு வாசித்தால் டோரா செய்த குற்றம் கரைந்துபோகிறது. கரைய விடக்கூடாதது அதுவே. உறுப்புக் கும்பலின் பகுதியும் கதையை நகர்த்தும் கருவியாகவே வந்து போகிறது. அங்கே விடப்பட்ட வேறு குழந்தைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சாலஸின் ‘நான் இன்னும் இங்கே இருக்கிறேன்’ 2025-இல் சிறந்த பன்னாட்டுப் படத்திற்கான ஆஸ்கர் பரிசைப் பிரேசிலுக்கு முதன்முறையாகப் பெற்றுத் தந்தது. அதன் இறுதியில் முதிர்ந்த மொண்டெனெக்ரோ சில நிமிடங்களே வருகிறார், ஏறக்குறையப் பேச்சே இல்லை. அதைப் பார்த்தவர்கள் இந்தப் பழைய படத்தையும் தேடிப் பார்க்க வேண்டும்.

வேறொரு இயக்குநராயிருந்தால் டோராவை அந்த வீட்டிலேயே தாயாக அமர்த்தியிருப்பார். சாலஸ் அவளை விடியுமுன் எழுப்பிவிடுகிறார். ஆனாவின் கடிதத்தைத் தந்தையின் கடிதத்தருகே வைத்துவிட்டு, புதிய உடையை அணிந்து, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு அவள் புறப்படுகிறாள். சிறுவன் விழித்து, தெருவில் ஓடி வருகிறான், பேருந்து போய்விட்டது. திருத்தலத்தில் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட நிழற்படம், வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சிறு குழலுக்குள் இருக்கிறது, ஆளுக்கு ஒன்று. அவன் தெருவில் நின்று அதைப் பார்க்கிறான், அவள் பேருந்தில் அமர்ந்து பார்க்கிறாள். அதற்குமுன் அவள் ஒரு தாளை எடுத்து ஜோசுவேக்குக் கடிதம் எழுதுகிறாள். இரயில் ஓட்டுநராய் இருந்த தன் தந்தையைப் பற்றி எழுதுகிறாள். பின்னாளில் தெருவில் எதிர்ப்பட்டபோது அவளை அடையாளம் காணாத அதே தந்தை. எழுதும்போது அழுகிறாள். அக்கடிதம் அஞ்சலில் சேர்ந்ததா என்பதைப் படம் காட்டவில்லை.