தரைக்கு ஒரு சாண் மேலே

1974-இல் காரெட் பிரவுன் என்ற பிலடெல்பியாக்காரர், தான் செய்த ஒரு கருவியை யாருக்கும் காட்டாமல், அதை வைத்து எடுத்த காட்சிகளை மட்டும் ஒரு ரீலாகத் தொகுத்துச் சுற்றுக்கு விட்டார். ஆட்கள் ஓடுகிறார்கள், படியேறுகிறார்கள். காமிரா கூடவே போகிறது, குலுங்கவில்லை. தண்டவாளம் கிடையாது, டிராலி கிடையாது. இங்கிலாந்தில் இதைப் பார்த்த ஸ்டான்லி குப்ரிக் ஒரு டெலக்ஸ் அனுப்பினார். ரீலில் இரண்டு இடங்களில் தரையில் நிழல் விழுகிறது, விவரம் தெரிந்தவன் அதைப் பார்த்தே உங்கள் கருவியை ஊகித்துவிடுவான், வெட்டிவிடுங்கள் என்றது அந்த டெலக்ஸ். கூடவே ஒரு கேள்வியும் இருந்தது: இதைப் பயன்படுத்தக்கூடிய குறைந்தபட்ச உயரம் என்ன?

சினிமா வரலாறு எழுதுபவர்கள் நிழல் கதையைத்தான் ரசித்துச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது. குலுங்காத காமிரா ஒன்று கையில் கிடைத்ததும் ஒருவர் முதலில் கேட்டது 'எவ்வளவு வேகமாக ஓடலாம்' என்றல்ல, 'எவ்வளவு தாழ்வாகப் போகலாம்' என்று. தமிழில் நாம் எழுதுகிற சினிமா விமர்சனத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. 'ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி' என்போம். ஷாட் வெட்டாமல் எத்தனை நிமிடம் ஓடியது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்குச் சொல்வோம். எந்த உயரத்தில் ஓடியது, அந்த உயரத்தில் இருப்பது யார் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கருவியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், இல்லையென்றால் மற்றது புரியாது. பிரவுன் செய்த ஸ்டெடிகேமின் அடிப்படை வடிவத்தில் மோட்டார் இல்லை. உள்ளே கைரோஸ்கோப் சுழல்கிறது என்று நிறைய பேர் நம்புகிறார்கள், அதுவும் இல்லை. ஒரு கம்பம். மேல்முனையில் காமிரா, கீழ்முனையில் மானிட்டரும் பேட்டரியும். எடைகளை இப்படித் தள்ளித்தள்ளி வைத்தால் கம்பம் சட்டென்று திரும்ப மறுக்கும். தூரம் இரண்டு மடங்கானால் அந்தப் பிடிவாதம் நான்கு மடங்கு. இன்ஜினியரிங் முதல் வருடத்தில் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்று மனப்பாடம் பண்ணிப் பரீட்சை முடிந்ததும் மறந்தோமே, அதே சமாச்சாரம். ஈர்ப்பு மையத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கிம்பல். ஆபரேட்டர் அங்கே விரல் நுனியால் தொட்டுத்தான் காமிராவைத் திருப்புவார். மொத்த எடையை ஸ்பிரிங் வைத்த ஒரு கை வாங்கி, உடம்பில் மாட்டிய வெஸ்ட் வழியாக இடுப்புக்கு இறக்குகிறது. பிலிம் காமிரா காலத்தில் இதெல்லாம் சேர்ந்து 30 கிலோவைத் தொட்டுவிடும்.

தாழ்வாகப் போக வேண்டுமென்றால் குனிந்தால் ஆகாது. கம்பத்தையே தலைகீழாக்க வேண்டும். காமிரா கீழே தொங்கும், மானிட்டர் மேலே வரும். படம் கவிழ்ந்துவிடாமல் இருக்கக் காமிராவை அதன் தலைப்பக்கமாகப் பிடித்து மாட்டுவார்கள். இதற்கு லோ மோட் என்று பெயர். லென்ஸ் முழங்கால் மட்டத்துக்கு வந்துவிடும், நீளமான கம்பம் போட்டால் இன்னும் கீழே. இனி ஓட வேண்டும். கண் இருக்க வேண்டியது மானிட்டரில், கால் போகும் பாதையில் அல்ல. அதனால் உதவியாளர் ஒருவர் ஆபரேட்டரின் முதுகிலோ பெல்ட்டிலோ கை வைத்துக்கொண்டு கூடவே ஓடுவார். பள்ளம் வந்தால் அந்தக் கைதான் சொல்லும். (ஆபரேட்டர் முன்னோக்கி ஓட, காமிரா பின்னால் வருபவர்களைப் பார்த்தபடி போகும் நிலைக்குத் தொழிலில் டான் ஹுவான் என்று பெயர். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

தாழ்வாகப் போனால் ஏன் அவ்வளவு வேகமாகத் தெரிகிறது? பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஊர்ந்துதான் போகிறது. அதே தெருவில் ஸ்கேட்டிங் பலகையில் குத்தவைத்து உருளும் பிள்ளைகள் ராக்கெட்டில் போவதாகக் கத்துகிறார்கள். கண் உணர்வது கோண வேகத்தை. போகிற வேகத்தைத் தூரத்தால் வகுக்க வேண்டும். கண் தரையிலிருந்து 160 சென்டிமீட்டரில் இருக்கிறது, லென்ஸை 16 சென்டிமீட்டருக்கு இறக்கினால் அடியில் ஓடும் தரை பத்து மடங்கு வேகமாகப் பாய்கிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, 50 ஆகிவிடுகிறது. இந்த ஏமாற்றின் இன்னொரு எல்லையை பிரவுனே 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' (1983) படத்தில் காட்டினார். மரங்களுக்கு நடுவே பாயும் பறக்கும் பைக்குகளின் பின்னணிக்காக, கலிபோர்னியாவின் ரெட்வுட் காட்டில் வினாடிக்கு ஒரு பிரேமுக்கும் குறைவாக ஓடவிட்ட காமிராவோடு அவர் சும்மா நடந்தார். திரையில் அது மயிரிழையில் மரங்களைத் தப்பும் பாய்ச்சல்.

ஆக, திரையில் நாம் பார்க்கும் வேகத்தில் பெரும்பகுதி உயரத்தால் வருவது. இயக்குநர் தரைக்கு இறங்குகிறார் என்றால் ஏதோ ஒன்றுக்காக இறங்குகிறார். எதற்காக என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குப்ரிக் இறங்கியது ஒரு குழந்தைக்காக. 'தி ஷைனிங்' (1980) படத்தில் ஆளில்லாத ஹோட்டல் நடைக்கூடங்களில் சிறுவன் டேனி மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறான். பின்னால் அவன் உயரத்திலேயே காமிரா. அந்த வேகத்துக்கு ஓடிக்கொண்டே அவ்வளவு தாழ்வாகப் பிடிப்பது மனித உடம்புக்கு ஆகாது என்பதால் பிரவுன் சக்கர நாற்காலி ஒன்றில் கருவியோடு ஏறிக்கொண்டார், தள்ள ஆள் இருந்தது. கம்பளத்தில் சக்கரம் போகும்போது சத்தம் அமுங்குகிறது, மரத்தரை வந்ததும் கடகடக்கிறது, மறுபடி கம்பளம். அந்தச் சத்தத்தைத்தான் எல்லாரும் சிலாகிக்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது சுவர்களின் உயரம். டேனிக்கு அந்த ஹோட்டல் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிதாகவே நமக்கும் காட்டப்படுகிறது. பேய் வருவதற்கு முன்பே கட்டடம் நம்மைத் தின்ன ஆரம்பித்துவிடுகிறது.

சில ஆண்டுகள் கழித்து நம் பக்கம். ராம் கோபால் வர்மாவின் முதல் படமான தெலுங்கு 'சிவா' 1989-இல் வந்தது. எஸ். கோபால ரெட்டி ஒளிப்பதிவு, இளையராஜா இசை. தமிழில் 'உதயம்' என்ற பெயரில் சக்கைப்போடு போட்டது. தென்னிந்தியத் திரையில் ஸ்டெடிகேமை அலங்காரமாக இல்லாமல் கதைக்கு உபயோகித்த ஆரம்பகாலப் படம் என்று அதைச் சொல்வார்கள், தப்பில்லை. அதில் வருகிற சைக்கிள் துரத்தல் காட்சியை இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறது. சிவா அண்ணன் மகளைச் சைக்கிள் முன்பக்கம் உட்கார வைத்துக்கொண்டு மிதிக்கிறான். பின்னால் ரவுடிகள். அதுவரை கல்லூரியில் சைக்கிள் செயினைப் பிய்த்துச் சுழற்றிய அதே ஆள், இப்போது இரண்டு கையும் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ள, திருப்பி அடிக்க முடியாமல் மிதிக்கிறான். காமிரா அவர்களோடு போகிறது, அண்ணாந்து பார்த்து அவனை ஆளாக்குவதில்லை. இங்கேயும் ஒரு குழந்தைதான் அளவுகோல் என்பதைக் கவனியுங்கள். வர்மா குப்ரிக்கைப் பார்த்துச் செய்தாரா இல்லையா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. குலுங்காத காமிரா என்பது பயத்தைக் காட்டத் தோதான கருவி என்பதை இருவருமே பிடித்துவிட்டார்கள். கை நடுங்கினால் யாரோ ஒருவர் பார்க்கிறார் என்று ஆகும். நடுங்காமல் தொடர்ந்தால், பார்ப்பது மனுஷன்தானா என்ற சந்தேகம் வந்துவிடும்.

ஸ்டெடிகேம் வாங்கக் காசில்லாத சாம் ரெய்மி இதே உணர்வை வேறு வழியில் பிடித்தார். 'தி ஈவில் டெட்' (1981) படத்தில் காட்டுக்குள் பாயும் அந்தத் தீய சக்தியின் பார்வை, ஒரு மரக்கட்டையின் நடுவில் காமிராவைப் பொருத்தி இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு தரையை ஒட்டி ஓடியது. பலகை நீளமென்பதால் ஓட்டத்தின் குலுக்கல் நடுவில் பாதியாகிவிடும். பார்க்கப்போனால் பிரவுனுடைய அதே தத்துவம்தான், மர ஆசாரி விலையில்.

'உதயம்' காட்டிக்கொடுத்த பாதையில் நாம் எங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதுதான் எனக்கு உறுத்தல். நம் பெரிய படங்களில் காமிரா எப்போது தரைக்கு வருகிறது? ஹீரோ வரும்போது. முதலில் ஷூ. புழுதி தெறிக்கும், காமிரா பின்னோக்கி வழுக்கிக்கொண்டே போகும், அப்படியே மேலே ஏறி முகம். ரசிகன் விசிலடிக்க வேண்டிய இடத்தைத் தாழ்ந்த கோணம் சொல்லிக்கொடுக்கிறது. எனக்கு மாஸ் படம் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம், முதல் நாள் முதல் காட்சிக்கு லீவு போடுகிறவன்தான். ஆனால் இந்த ஷாட்டில் தரை என்பது ஓர் இடமே இல்லை. பாதத்தைத் தாங்கும் தட்டு. கும்பிட விழுந்தவனுடைய கண் உயரத்தைக் காமிராவுக்குக் கொடுத்துவிட்டு, அதை ஸ்டைல் என்கிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் தரையில் வாழ்கிற ஜனம். பாயில் படுக்கிறோம், பந்தியில் தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டவர்கள், வாசலில் குனிந்து கோலம் போடுகிறவர்கள். பிறப்பிலிருந்து சாவு வரை முக்கால்வாசிச் சடங்கு தரையில்தான் நடக்கிறது. ஜப்பானிய வீட்டின் பாய் உயரத்துக்குக் காமிராவை இறக்கி அசையாமல் வைத்தார் ஒசு, உலகமே அதைப் பற்றி எழுதித் தள்ளியது. நமக்கு அதே வீடு இருக்கிறது, அதே பாய் இருக்கிறது. காமிரா இறங்குவது மட்டும் ஷூவுக்கு.

பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் வரை ஜிஎஸ்டி சாலை ஓரத்துக் கல்யாண மண்டபங்களில் இதைவிடச் சரியான ஷாட்டுகளைப் பார்த்திருக்கிறேன். கிண்டலாகச் சொல்லவில்லை. கல்யாண வீடியோ எடுக்கும் பையன் மோட்டார் கிம்பலைத் தலைகீழாகப் பிடித்து, முழங்காலை மடக்கி, மேடையில் பின்னோக்கி வாத்துநடை போடுகிறான். மாப்பிள்ளை பெண்ணின் காலைப் பிடித்து அம்மிமேல் வைக்கிறார், விரலில் மெட்டி ஏறுகிறது, லென்ஸ் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி வழுக்கிப் போகிறது. சடங்கே காலில் நடப்பதால் அவன் தரையில் இருக்கிறான். அந்த உயரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அடுத்த நிமிஷம் ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் ஷூவிலிருந்து ஆரம்பித்து ஹீரோ என்ட்ரி எடுப்பான் என்பது வேறு விஷயம், காசு அதற்குத்தான்.

அந்தப் பையன் கையில் இருப்பது ஸ்டெடிகேமின் பேரன் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் வேறு சாதி. 2013-இல் ஃப்ரீஃப்ளை நிறுவனத்தின் மோவி வந்த பிறகு பரவிய இந்த மோட்டார் கிம்பல், ஒவ்வொரு கணமும் தான் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சென்சாரில் அளந்து, பிழையை மோட்டாரால் திருத்திக்கொண்டே இருக்கிறது. நான் வேலையில் எழுதுகிற நிரல்களும் ஏறத்தாழ இந்த வகைதான்: அளவெடு, ஒப்பிடு, திருத்து. ஸ்டெடிகேம் எதையும் திருத்துவதில்லை. அதிர்ச்சியைத் தனக்குள் வாங்க மறுக்கிறது, அவ்வளவுதான். அதனால் தொடுகிறவரின் விரல் அதில் பதிகிறது. ஓடி வந்து நிற்கும்போது காமிரா ஆணி அடித்த மாதிரி நிற்காது, ஒரு மெல்லிய மிதப்பு இருக்கும். திரும்பும்போது ஆபரேட்டர் எப்போது முடிவெடுத்தார் என்பது தெரியும். கிம்பலில் அடிவானம் எப்போதும் ரசமட்டம் வைத்த மாதிரி நேர்.

கிம்பலும் தரைக்கு வந்தால் மாட்டிக்கொள்கிறது என்பது எனக்குப் பிடித்த விவரம். அது சாய்வைத் திருத்தும், ஏற்ற இறக்கத்தைத் திருத்தாது. ஓடும்போது உடம்பு 5 சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் கண் உயரத்தில் அது ஒன்றுமே இல்லை. ஒரு சாண் உயரத்தில் அது கிட்டத்தட்டக் கால் பங்கு, தரை கடல் மாதிரி அலையடிக்கும். அதனால்தான் கிம்பல்காரர்களும் தாழ்வாக ஓட வேண்டி வந்தால் ஸ்பிரிங் கையையும் வெஸ்ட்டையும் தேடி மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள். எடையை உடம்புதான் வாங்க வேண்டியிருக்கிறது.

சமீபத்திய சண்டைப் படங்களின் தாழ்ந்த துரத்தல்கள் என்னிடம் ஒட்டாமல் போவதற்கு இந்த வழவழப்பு ஒரு காரணம். ஜன்னல் வழியாக நுழைந்து, வண்டிக்கு அடியில் புகுந்து, படியில் ஏறிப் போகிறது காமிரா. எங்கேயும் யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. அந்த உயரத்தில் யாரும் இல்லை. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'ஜல்லிக்கட்டு' (2019) இதற்கு நேர் எதிர். அறுப்புக்கு வந்து தப்பித்த எருமையைத் தேடி ஊரே ஓடும்போது, கிரீஷ் கங்காதரனின் காமிராவும் கூட்டத்தில் ஒருவனாக ஓடுகிறது, சேறு மிதிபடுகிறது, துரத்துவது யார் துரத்தப்படுவது யார் என்பது குழம்புகிறது. வழவழப்பாக இல்லை. இருக்கவும் கூடாது.

தமிழில் தரையை இடமாக மதித்தவர் என்று நான் சொல்வது மிஷ்கினை. 'அஞ்சாதே' (2008) படத்தில் மகேஷ் முத்துசாமியின் காமிரா கால்களோடு இருந்துவிடுகிற காட்சிகளைக் கேலி செய்தவர்கள் உண்டு, இயக்குநருக்குக் கால் பித்து என்றார்கள். அங்கே காமிரா பறக்கவில்லை, பெரும்பாலும் காத்திருக்கிறது. ஆனால் முகம் வரும் வரை நிற்கிற காத்திருப்பு அல்ல அது. தயக்கம், அவசரம், பொய் எல்லாம் செருப்பின் திசையிலேயே தெரிந்துவிடுகிறது, மேலே ஏறிப் பார்க்கத் தேவையில்லை. அந்தக் காட்சிகளில் காமிராவை ஓடவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். லோ மோடில் ஒரு ஆபரேட்டர், மானிட்டரில் இரண்டு ஜோடிக் கால்கள், அவர் பெல்ட்டைப் பிடித்தபடி பின்னால் ஓடும் இன்னொருவர். டைட்டிலில் அந்த இரண்டாவது ஆளின் பெயரை எந்தத் தலைப்பின்கீழ் போடுவார்கள்?