உருண்டையில் வழியும் எண்ணெய்

'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் மார்ட்டி மெக்ஃப்ளை ஏக்கத்தோடு பார்க்கும் கறுப்பு டொயோட்டா பிக்கப் 1985ஆம் ஆண்டு மாடல். திரையில் அது பளபளக்கிறது. அதே வண்டி இன்று அமெரிக்காவில் யார் வீட்டு வாசலிலாவது நின்றால், முதலில் குனிந்து பார்க்க வேண்டியது முன்சக்கரத்தின் உட்புறத்தை. அங்கே அச்சின் நுனியில் தேங்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை இருக்கும். அதன் மேல் லேசான கிரீஸ் பூச்சு மட்டும் இருந்தால் கவலையில்லை, அது அப்படித்தான் இருக்கும். கறுப்பாகக் கஞ்சிபோல் ஏதோ வழிந்து டயரின் உட்பக்கத்தை நனைத்திருந்தால், உள்ளே ஆயில் சீல் போய்விட்டது.

1979 முதல் 1985 வரை அமெரிக்காவில் விற்ற டொயோட்டா நான்கு சக்கர இயக்க பிக்கப்களுக்கு முன்பக்கமும் வளையாத ஒற்றை அச்சுதான். அச்சுக்குள் டிஃபரன்ஷியல், அதில் கியர் ஆயில். நுனியில் உருண்டையைக் கவ்வி நிற்கும் நக்கிள், அதில் மாலிப்டினம் கலந்த கிரீஸ். இரண்டும் கலந்துவிடாதபடி, சுழலும் ஷாஃப்டைத் தழுவிக்கொண்டு நடுவில் ஒரு சீல்: ரப்பர் உதடு, அதை இறுக்கிப் பிடிக்க ஒரு மெல்லிய சுருள்வில், அவ்வளவுதான். உதடு தளர்ந்தால் ஆயில் நக்கிளுக்குள் புகுந்து கிரீஸைக் கரைக்கிறது. கரைந்தது வெளியே வருகிறது. நம் ஊரில் காய்கறி ஏற்றி ஓடும் பிக்கப்களில் பெரும்பாலானவை பின்சக்கர இயக்கம் என்பதால், முன்னால் இந்தத் தொல்லைக்கு வழியே இல்லை. அங்கே இது சனி ஞாயிறுக்கான வீட்டு வேலை.

சீலின் விலை சில டாலர். அதை எட்டுவதற்குள் சக்கரம், பிரேக் கேலிப்பர், ஹப், பேரிங்குகள், ஸ்பிண்டில், ஷாஃப்ட் என்று வரிசையாகக் கழற்றித் தரையில் பரப்ப வேண்டும். பட்டறையில் கொடுத்தால் பொருளின் விலை கூலிக்கு முன் ஒன்றுமேயில்லை. ஆகவே வண்டிக்காரர் தானே இறங்குகிறார். இதை வெறும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பட்டறைக்காரருக்குக் கட்டுப்படியாகாத ஒன்று இவரிடம் இருக்கிறது: நேரம். அமெரிக்கப் பட்டறைகள் பலவற்றில், ஒவ்வொரு வேலைக்கும் புத்தகத்தில் குறித்திருக்கும் மணிக்கணக்குப்படிதான் மெக்கானிக்குக் கூலி. ஷாஃப்டைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க அந்தக் கணக்கு இடம் தருவதில்லை.

பார்த்தால்தான் தெரியும். சீலின் உதடு ஆண்டுக்கணக்கில் உரசிய இடத்தில் ஷாஃப்டில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும்; நகத்தை ஓட்டினால் தட்டும். அதே பள்ளத்தில் புதுச் சீலை உட்கார வைத்தால் அதுவும் சில மாதத்தில் கசியும். அனுபவப்பட்டவர்கள் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே நிறுத்தி, உதடு தேயாத பரப்பில் ஓடும்படி செய்கிறார்கள். பள்ளம் ஆழமென்றால் மெல்லிய எஃகு உறை மாட்டுகிறார்கள். இதைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது அச்சின் தலையில் உள்ள பிரீதர், காற்றுப்போக்கு. சேறு அடைத்து அது மூடிக்கொண்டால் உள்ளே சூடேறும் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. 20 டிகிரியில் அடைபட்ட காற்று 70 டிகிரிக்கு ஏறினால் அதன் அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். அந்த அழுத்தம் ஆயிலைத் தள்ளும்போது இடம் கொடுப்பது சீல்தான். சூடான அச்சோடு ஓடையில் இறங்கினாலோ கதை தலைகீழ்: உள்ளே காற்று சுருங்கி, அதே சீல் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஆயில் பால்போல் வெளுக்கும். பிரீதரைக் கவனிக்காமல் சீலை மட்டும் மாற்றுவது, ஓட்டு ஒழுக்கலுக்குக் கீழே புதுப் பாத்திரம் வைப்பதுதான்.

எனக்கு இந்த வழக்கத்தின் மேல் உள்ள குறையும் இங்கேதான். சில டாலர் பொருள் என்பதால் இது சில டாலர் வேலை என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பழைய சீலை நெம்பியெடுத்து, கையில் கிடைத்த சாக்கெட்டால் புதியதைத் தட்டி இறக்கி, ஷாஃப்டை உள்ளே தள்ளுகிறார்கள். அந்தத் தள்ளலில்தான் பாதிச் சீல்கள் சாகின்றன என்று எனக்கொரு சந்தேகம். ஷாஃப்டின் எடை முழுவதும் உதட்டில் சாய, நுனியிலுள்ள ஸ்ப்ளைன் பற்கள் ரப்பரைக் கீறிவிடும். கண்ணுக்குத் தெரியாத கீறல். வண்டியைத் தரையில் இறக்கிய பிறகே தெரியும்.

நக்கிளையே கழற்றினால் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. அதன் மேலும் கீழும் உள்ள பேரிங்குகளின் மூடிகளுக்கு அடியில் காகிதம்போல் மெல்லிய ஷிம்கள் உண்டு. பேரிங் இறுக்கத்தை மட்டுமல்ல, ஷாஃப்ட் சீலின் சரியான மையத்தில் ஓடுவதையும் அவைதான் தீர்மானிக்கின்றன. மேல் ஷிம்மும் கீழ் ஷிம்மும் ஒரே கிண்ணத்தில் கலந்துவிட்டால், ஷாஃப்ட் ஒருபக்கம் ஒதுங்கி உதட்டின் ஒரே ஓரத்தைத் தின்னும். நிறுவனத்தின் கையேடு இதற்குத் தனிக் கருவி கேட்கிறது. வீட்டில் அது கிடையாது. இறுக்கம் பார்க்க மட்டும் ஸ்டியரிங் கையின் நுனியில் மீன் எடை பார்க்கும் தராசைக் கொக்கி போட்டு இழுப்பார்கள். அந்தக் குறுக்குவழியை நான் மெச்சுகிறேன், கையேட்டின் முறையே கொக்கித் தராசுதான். மையத்துக்கு அப்படியொரு குறுக்குவழி இல்லை. பழைய ஷிம்களைப் பழைய இடத்திலேயே திருப்பி வைப்பதுதான் வீட்டுக்காரரின் ஒரே காப்பு.

எல்லா பிக்கப்பும் இந்த டொயோட்டா போலப் பொறுத்துக்கொள்வதுமில்லை. 2003க்குப் பிந்தைய ராம் 2500 வண்டியில் முன்னச்சுச் சீல்கள் குழாயின் உட்பக்கம், டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. அதையே வெளியே எடுத்தால்தான் கை போகும். பேரிங் மூடிகள் பக்கம் மாறினாலோ ஷிம்கள் இடம் மாறினாலோ, போவது கிரவுன் பல்சக்கரம். அதற்கும் முன்பே, பனிக்கு உப்பு தூவும் மாநிலங்களில் ஹப் நக்கிளோடு துருவேறி ஒன்றாகியிருக்கும். ஹப்பின் போல்ட் தலைக்கு முட்டுக் கொடுத்து, எஞ்சினை ஓட்டி ஸ்டியரிங்கைத் திருப்பி, அந்த விசையில் ஹப்பை வெளியே தள்ளும் தந்திரம் அங்கே பிரபலம். பலிக்கிறது; முட்டு நழுவினால் அது பறக்கும் திசையில் யார் முகம் இருக்கும் என்பது வேறு விஷயம். வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி நிறுத்தி அடியில் படுப்பவர்களும் இதே கூட்டம்தான். ராமின் இந்த வேலையை வீட்டில் செய்யச் சொல்லி நான் யாரையும் தூண்டமாட்டேன். டொயோட்டாவின் வேலையைச் செய்யலாம், இரண்டு நாள் முழுதாக ஒதுக்க முடிந்தால். எண்ணெய் ஊறிய பிரேக் பேடைத் துடைத்து மாட்டாமல் புதிது வாங்கவும் வேண்டும்.

அதற்குப் பிறகு பட்டறைக்காரருக்கு வாய்க்காத இன்னொன்று வீட்டுக்காரருக்கு வாய்க்கிறது. சாவியைக் கொடுத்ததோடு பட்டறையின் கணக்கு முடிந்துவிடும். இவரோ சில நூறு மைல் ஓடிய பின்னும், காலையில் காபிக் குவளையோடு வாசலில் குனிந்து, பழைய துணியால் அந்த உருண்டையைத் துடைத்துப் பார்க்கலாம். துணியில் கெட்டியான கறுப்பு மையாக ஒட்டினால் வண்டியை எடுக்கலாம். மெலிந்து, கியர் ஆயிலின் கந்தக வாடையோடு பிசுபிசுத்தால், எந்த ஷிம்மை எங்கே வைத்தோம் என்று யோசிக்க வேண்டும்.