ஆங்கிலத் தொடர்வினைகளில் இடைச்சொல்லின் பொருட்பங்கு

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையில், வினையின்பின் ஓர் இடைச்சொல் சேர்ந்து பொருளை மாற்றும் முறை அயல்மொழியாளர்க்குப் பெரும் இடர்ப்பாடு தருவது என்று குறிப்பிட்டுள்ளார். இவற்றுள் சில தனிச்சொற்களின் பொருளிலிருந்து மிக விலகியவை. அவை வந்த வழியை எத்தகைய நுண்ணறிவாலும் கண்டறிய இயலாது என்பதும் அவர் கருத்து. ஹென்றி பிராட்லி பரிந்துரைத்த ‘ஃபிரேசல் வெர்ப்’ என்னும் பெயரை லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் வெளிவந்த தம் நூலில் ஆண்டார். பெயர் நிலைபெற்றது, அதனுடன் ஜான்சனின் கருத்தும் நிலைபெற்றது. வகுப்பறைகளில் இத்தொடர்வினைகள் பெரும்பாலும் மனப்பாடம் செய்வதற்குரிய அகரவரிசைப் பட்டியலாகவே தரப்படுகின்றன. இம்முறையின் பொருத்தம் ஆராயத்தக்கது.

முதலாவது, அமைப்பு. ‘ரன் அப் எ ஹில்’, ‘ரன் அப் எ பில்’ ஆகியன ஒன்றுபோல் தோன்றுவன. முன்னதில் ‘அப்’ என்பது ‘ஹில்’ என்னும் பெயரைத் தழுவிய முன்னிடைச்சொல். குன்றின்மேல் ஓடுதல் என்பது பொருள். பின்னதில் அதே சொல் வினையைத் தழுவிய அடை. செலுத்தவேண்டிய தொகையைப் பெருகவிடுதல் என்பது பொருள். பெயருக்கு மாற்றாக ‘இட்’ என்னும் சொல்லை இட்டால் வேறுபாடு புலப்படும்: ‘ரன் அப் இட்’ குன்றுக்கும் ‘ரன் இட் அப்’ தொகைக்கும் உரியவை. வடிவொற்றுமை இலக்கண ஒற்றுமை ஆகாது என்பதைப் பட்டியல் மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, பொருள். சூசன் லிண்ட்னர் 1981ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டில் ‘அவுட்’, ‘அப்’ ஆகிய இடைச்சொற்களுக்குப் பகுத்துணரத்தக்க பொருள் உண்டு என வாதிட்டார். ‘ஸ்டாண்ட் அப்’ என்பதில் மேல்நோக்கிய இயக்கம் வெளிப்படை. ‘ஃபில் அப்’ என்பதில் கலம் நிறையும்போதே நீர்மட்டமும் உயர்கிறது. உயர்வும் நிறைவும் ஒருங்கே நிகழ்கின்றன. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ ஆகியவற்றில் உயர்வு நீங்கி, முற்றுப்பெறுதல் என்னும் பொருளே எஞ்சுகிறது.

‘பர்ன் அப்’, ‘பர்ன் டவுன்’ ஆகிய இரண்டும் முற்றாக எரிதலைக் குறிப்பதால், எதிரெதிர்த் திசைச் சொற்கள் ஒரே பொருள் தருகின்றனவே என்று இதனை மறுக்கலாம். ஆனால் வழக்கு வேறுபடுகிறது. வீட்டிற்கும் மெழுகுவத்திக்கும் ‘டவுன்’ இயல்பு; தாளுக்கு ‘அப்’ இயல்பு. வீடு தரைமட்டமாகிறது, மெழுகுவத்தியின் உயரம் குறைகிறது, தாளோ சுடரில் எஞ்சாது மறைகிறது. முற்றுப்பெறுதல் பொதுவாயினும் அது நிகழும் வகையை இடைச்சொல் காட்டுகிறது.

தமிழில் இவ்விரண்டையும் ‘எரிந்துவிட்டது’ எனலாம். ‘விடு’ என்னும் துணைவினை முற்றுப்பொருளில் ‘அப்’ என்பதற்கு நெருங்கி வருகிறது. ‘ஈட் அப்’ என்பதைத் தமிழ் மாணவர் ‘சாப்பிட்டுவிடு’ எனக் கொள்வது தகும். ஆயினும் ஒப்புமைக்கு எல்லை உண்டு. துணைவினை வினையெச்சத்தின்பின் நின்று காலமும் இடமும் ஏற்கிறது. ஆங்கில இடைச்சொல் திரிபின்றி நிற்கிறது. ‘விழுந்துவிட்டான்’ என்பதில் தோன்றக்கூடிய இரக்கக் குறிப்பு ‘அப்’ என்பதற்கு இல்லை. ‘அப்’ தரும் திசைக்காட்சி ‘விடு’ என்பதற்கு இல்லை.

இவ்விளக்கத்தை மிகைப்படுத்துதலும் தகாது. பொறுத்துக்கொள்ளுதல் என்னும் பொருள்தரும் ‘புட் அப் வித்’ என்பதன் பொருளை அதன் மூன்று சொற்களைக்கொண்டு எம்மாணவரும் முன்னறிய இயலாது. அவ்வகையில் ஜான்சனின் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் முன்னறிய இயலாமை வேறு, அறிந்தபின் விளக்க இயலாமை வேறு. ஜான்சன் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டார்; பட்டியல்முறை அதனையே பின்பற்றுகிறது.

ஆகவே திசைப்பொருள் உடையன, முற்றுப்பொருள் உடையன, மரபாக மட்டும் பயிலத்தக்கன என இடைச்சொல்லின் அடிப்படையில் தொடர்வினைகளை வகுத்துக் கற்பித்தலே ஏற்புடையது. மனப்பாடத்திற்குரிய இடம் மூன்றாம் வகையே. எல்லாவற்றையும் அவ்வகையில் அடக்குவது, மாணவர் காரணம் கண்டு உணரக்கூடியவற்றையும் காரணமற்றவையாகக் காட்டிவிடுகிறது.