‘விடுதலை’ என்னும் சொல் பொருந்துமா?

1948 பிப்ரவரி 1இல் மலாயாக் கூட்டமைப்பு அமைந்தது. அதிலிருந்து பினாங்கைப் பிரிக்க அவ்வாண்டு டிசம்பரில் எழுந்த இயக்கத்தை ‘விடுதலை இயக்கம்’ என்பது தவறு. அவர்கள் வேண்டியது தனியரசன்று. சிங்கப்பூரைப் போலப் பிரிட்டிஷ் முடியின்கீழ் நேரடியாக இருத்தலே. ஆண்டவனிடமே அடைக்கலம் புகுவது விடுதலையாமோ?

‘பினாங்கு மக்கள் கேட்டனர்’ என்பதும் ஆராயத்தக்கது. முன்னின்றோர் பெரும்பாலும் ஐரோப்பிய, சீன வணிகரும் நீரிணைச் சீனருமே. இந்திய வணிகர் சிலரும் உடன்பட்டனர். தீர்வையற்ற துறைமுகம் கெடும், குடியுரிமை குன்றும் என்ற அவர்தம் அச்சம் வெறும் கற்பனையன்று. ஆயினும் மலாயன் யூனியனை எதிர்த்துப் போராடிக் கூட்டமைப்பைப் பெற்ற மலாய்க்காரர் அதை எங்ஙனம் ஏற்பர்? அவர்கள் எதிர்த்தனர்.

பினாங்கென்றால் தீவு மட்டுமா? 1800இல் கெடாவிடமிருந்து பெற்ற பெருநிலப் பகுதியும் அதனுள் அடங்கும். கோரிக்கை நிறைவேறியிருந்தால் எல்லைக்கோடு கடலில் அன்று, நம் புக்கிட் மெர்தாஜாமுக்கும் கூலிமுக்கும் இடையே விழுந்திருக்கும். தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தமிழரை இதுபற்றி யார் கேட்டார்? 1949 பிப்ரவரியில் இத்தீர்மானத்தை 15க்கு 10 என்று தோற்கடித்த குடியேற்ற மன்றமும் மக்கள் தேர்ந்தெடுத்த அவையன்று. லண்டன் 1951இல் மனுவை மறுத்தது. வகுப்பில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் ‘பிரிவினைக் கோரிக்கை’ என்றே சொல்லலாம். யாருடைய கோரிக்கை என்பதையும் சேர்த்து.