உள்ளாட்சியா, தன்னாட்சியா?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சீர்திருத்தம் ஒன்று நம் சிற்றூருக்குள் முதலில் ஒரு சொல்லாகவே நுழைகிறது. அச்சொல் சுருங்கினால் சீர்திருத்தமும் சுருங்கும். இதற்குச் சான்றாக ‘உள்ளாட்சி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம்.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம், ஊராட்சிகளை ‘செல்ஃப் கவர்ன்மென்ட்’ நிறுவனங்கள் என்று குறிக்கிறது. தொடக்கமுதலே அரசமைப்பில் உள்ள 40ஆவது பிரிவின் சொல்லாட்சியும் அதுவே. தன்னைத் தானே ஆளுதல் என்பது அதன் நேர்ப்பொருள். ‘தன்னாட்சி’ என்ற சொல்லும் நம்மிடம் உண்டு. ஆயினும் மேடையிலும் செய்தித்தாளிலும் நிலைபெற்றது ‘உள்ளாட்சி’தான். ஆட்சி எங்கே நடக்கிறது என்று அது சொல்கிறது. ஆள்பவர் யார் என்று சொல்வதில்லை. 2016 முதல் 2019 இறுதிவரை தேர்தலின்றித் தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நிருவகித்தபோதும் அவை உள்ளாட்சி அமைப்புகள் என்றே அழைக்கப்பட்டன. எவருக்கும் அதில் முரண் தோன்றவில்லை. தன்னாட்சி என்று சொல்லியிருந்தால் நா கூசியிருக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1974இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டது மாநில சுயாட்சி. டில்லியிடம் கேட்கும்போது சுயாட்சி. சிற்றூருக்குக் கொடுக்கும்போது உள்ளாட்சி! பதினோராம் அட்டவணையின் 29 துறைகளையும் மாநிலங்கள் வழங்க ‘வேண்டும்’ என்றில்லாமல் ‘வழங்கலாம்’ என்றிருப்பதும் இதற்கு வசதியாயிற்று.

‘அக்கவுண்டபிலிட்டி’ என்பதைப் ‘பொறுப்புடைமை’ என்கிறோம். பிழையில்லை, ஆனால் அது ஒருவரது நற்பண்பைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இதை எளிதாகக் கையாள்கிறது: கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். அச்சபை பிராமணர் ஊரின் சபை என்பதை மறைத்து அதைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. ஆயினும் ‘கணக்குக் காட்டுதல்’ என்ற வழக்கு பொறுப்புடைமையினும் கூர்மையானது. அங்கே ‘வாரியம்’ என்பது ஓராண்டுக்குக் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. இன்று மின்வாரியம், வீட்டுவசதி வாரியம் என மேலிருந்து அமைக்கப்படுவதற்கு அதே சொல்லைப் ‘போர்டு’ என்பதன் பெயர்ப்பாக்கியிருக்கிறோம்.

இலங்கையில் 2017ஆம் ஆண்டின் அரசமைப்பு இடைக்கால அறிக்கை, ஒற்றையாட்சி என்பதை விடுத்துச் சிங்களத்தில் ‘ஏக்கிய ராஜ்ய’ என்றும் தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்றும் முன்மொழிந்தது. ஆங்கில அறிக்கையும் அவ்விரு சொற்களையே ஏற்றது. பெயர்ப்பு அங்கே அரசியலாகவே இருந்தது.

நிற்க. சிதம்பரத்துக்கு அண்மையில், புவனகிரி பக்கத்துத் தெற்குத் திட்டை ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர், ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தனர். ஊராட்சிச் செயலாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ‘பிரசிடென்ட்’ என்பதற்குத் ‘தலைவர்’ என்பதைக் காட்டிலும் பொருத்தமான சொல் இல்லை. பெயர்ப்பில் குறையேதும் காண முடியாது. எனவே சொல்லைத் திருத்தினால் எல்லாம் திருந்தும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ‘உள்ளாட்சி’யின் மங்கலில், இது தன்னாட்சி பறிக்கப்பட்ட செய்தி என்று வாசித்தோர் சிலரே, மரியாதைக் குறைவு என்று வாசித்தோர் பலர்.

குருமடத்தில் படித்த காலத்தில், 1931இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் எடுத்துரைத்த கோட்பாட்டை நான் ‘உதவிக் கொள்கை’ என்று பெயர்த்தேன். பேராசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “யார் யாருக்கு உதவுகிறார்? கீழே இருப்பவர் செய்யக்கூடியதை மேலே இருப்பவர் பறிக்கலாகாது என்பதல்லவா கருத்து?” என்று ஓரத்தில் எழுதினார். இலத்தீன் வேர்ச்சொல்லுக்குத் துணை, உதவி என்றே பொருள். அகராதி என் பக்கம், நியாயம் அவர் பக்கம்.

கிராம சபை குறித்து அண்மையில் எங்கள் பங்கில் ஒரு துண்டறிக்கை அச்சிட்டோம். நான் ‘தன்னாட்சி’ என்றே எழுதினேன். மெய்ப்புப் பார்த்த இளைஞர் ஒருவர், “சாமி, இது கல்லூரிகளுக்குப் போடும் சொல்லாயிற்றே, ஊராருக்குப் புரியுமா?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. சொல்லை மாற்றவில்லை, ‘நம்மை நாமே ஆளுதல்’ என்று அடுத்த வரியில் சேர்த்துக் கொடுத்தேன்.